கனகாம்பாளின் கூந்தல்

பலராமன் நாற்றங்காலிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பெரியவள் அர்ச்சனா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. புரட்டாசி மாதம். விடியலில் ஒரு மழை கொட்டித் தீர்த்துவிட்டு, பொழுது ஏற ஏற வெயில் முதுகைத் தோலுரிக்கிற நாட்கள் அவை. பலராமனுக்கு முழங்கால் வரைக்கும் சேறு. காலைக் கழுவக் குழாயைத் திறந்தவன் மகளின் முகத்தைப் பார்த்து மறுபடி மூடினான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சோற்றுக் குண்டானைத் திறக்கிற பெண் அவள். எட்டாம் வகுப்பு. வளர்கிற உடம்பு. இன்றைக்குக் குண்டான் மூடியது மூடியபடியே இருந்தது. என்னவென்று கேட்டான். உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த சின்னவள் தென்றல்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அக்கா தலையில பேன் ஊருதாம்ப்பா. பக்கத்துல குந்துற பொண்ணு எழுந்து வேற பெஞ்சுக்குப் போய்ட்டாளாம்."

சொல்லிவிட்டு அவளும் தலையைச் சொறிந்துகொண்டாள்.

பலராமனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அர்ச்சனாவின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவளை மேற்கே பார்க்க உட்கார வைத்து, சாய்கிற வெயிலில் பின்னலை அவிழ்த்தான். கத்திரி இலையைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் பூச்சி விழுந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுகிற கண் அவனுக்கு. ஆனால் பெற்ற பெண்ணின் தலையை ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. காதுக்குப் பின்னால், பிடரி ஓரம், எள்ளைவிடச் சின்னதாக வெள்ளை வெள்ளையாக என்னவோ மயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் இழுத்தான், வரவில்லை. ஈர், பேனின் முட்டை. இன்னும் கொஞ்சம் விலக்கியபோது சாம்பல் நிறத்தில் ஒன்று குறுக்கே ஓடி மறைந்தது. முடியை அப்படியே விட்டுவிட்டான்.

பெண்டாட்டி வெண்ணிலா ஊரில் இல்லை. திருக்கனூரில் அவள் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்ததால், அறுவை முடிந்து எழுந்து நடக்கிற வரைக்கும் கூட இருக்கப் போயிருந்தாள். போன் போட்டுச் சொன்னான். நான் வந்துடட்டுமா என்று கேட்டாள். அம்மாவை யார் கக்கூசுக்கு அழைத்துப் போவது, நீ இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் பலராமன்.

"முடிய மட்டும் வெட்டிடாதீங்க," என்றாள் வெண்ணிலா. "சின்னதுலேர்ந்து எண்ண வச்சி எண்ண வச்சி நான் வளத்த முடிங்க அது."

"வெட்ட மாட்டேன். நீ நிம்மதியா இரு."

வாய் சொல்லிவிட்டது. எப்படி என்பது அவனுக்குத் தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அக்கா கனகாம்பாளின் வீடு. வெண்ணிலா போனதிலிருந்து குழம்பு மட்டும் அங்கிருந்து வந்துவிடும். சோறு இவன் வடித்துக்கொள்வான். பிள்ளைகள் சாயங்காலம் அத்தை வீட்டில்தான். அவள் மடியில் தலை வைத்து சீரியல் பார்த்து, பல நாள் அவள் பாயிலேயே தூங்கிவிடுவார்கள்.

கனகாம்பாளை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. செலியமேட்டில் நடவு என்றால் கனகாம்பாள் செட்டுதான். பெண்களைச் சேர்ப்பது, எந்தக் கழனிக்கு எந்த நாள் என்று சொல்வது, வரிசை கோணாமல் பார்ப்பது எல்லாம் அவள். இளம் வயதில் புருஷனைப் பறிகொடுத்து, ஒரே மகனைப் படிக்கவைத்து சென்னையில் வேலையிலும் அமர்த்திவிட்டாள். ஐம்பது தாண்டியும் அவள் கூந்தல் நரைக்கவில்லை. அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே இறங்கும். புருஷன் செத்த அன்றைக்குச் சொந்தத்தில் யாரோ ஒரு கிழவி முடியைப் பற்றி வாயெடுத்தபோது, பூவை எடுத்துக்கிட்டீங்க, பொட்டை எடுத்துக்கிட்டீங்க, இது நான் பொறந்தப்பவே கூட வந்தது, இத யாரும் தொடக்கூடாது என்று அவள் சொன்னது இன்றைக்கும் ஊரில் பேச்சு. வெய்யிலோ மழையோ, அதைக் கொண்டையாக முறுக்கி, மேலே துண்டைக் கட்டிக்கொண்டுதான் கழனியில் இறங்குவாள்.

பேன் என்றதும் அவளுக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் ஏது பேன், எல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததுதான் என்றாள். வேப்பெண்ணெய் தடவு, போகாவிட்டால் சின்னவளுக்கு மட்டுமாவது ஒட்ட வெட்டிவிடு என்றாள். தென்றல் அதைக் கேட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் நாற்றங்கால் வேலையை ஆளிடம் விட்டுவிட்டு, பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பலராமன் பாகூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனான். அங்கே ஜோஸ்பின் என்கிற நர்சம்மா. நடுத்தர வயது, கறாரான முகம், ஆனால் பேச்சு இதமானது. அர்ச்சனாவின் தலையைப் பார்த்தார், தென்றலின் தலையைப் பார்த்தார், இரண்டிலும் இருக்கிறது என்றார். எங்கள் வீட்டில் நாள் தவறாமல் தலைக்குக் குளிப்பார்களே என்று பலராமன் இழுத்தான்.

"இதுக்கும் அழுக்குக்கும் சம்பந்தமில்லண்ணா," என்றார் ஜோஸ்பின். "சுத்தமான தலைன்னு அதுக்கு இன்னா தெரியும்? தலையும் தலையும் ஒட்டுனா இங்கேர்ந்து அங்க ஏறிக்கும். அவ்ளோதான். நீங்க கொஞ்சம் குனிங்க."

"நானா?"

"நீங்கதான். குனிங்க."

குனிந்தான். அந்த அறையில் ஊசி போட வந்த கிழவரும், தடுப்பூசிக்குக் கைப்பிள்ளையோடு வந்த பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜோஸ்பின் அவன் கிராப்பைக் கலைத்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கும் குடிவந்தாச்சு என்றார். தென்றல் கைதட்டிச் சிரித்தாள். தலையைத் தொட்டுப் பார்த்தபோது அவனுக்கு முதன்முதலாக அரித்தது.

மருந்தையும் நெருக்கமான பல்லுள்ள ஒரு உலோகச் சீப்பையும் கொடுத்து நர்சம்மா விவரமாகச் சொன்னார். குளித்து ஈரத்தைத் துவட்டிவிட்டு மருந்தைத் தலை முழுக்கத் தடவ வேண்டும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் விடக்கூடாது. பத்து நிமிஷம் ஊறவிட்டு அலச வேண்டும். பிறகு சீப்பால் அடிமயிரிலிருந்து நுனிவரை இழுக்க வேண்டும். ஈர் சாகாமல் இருந்து பொரிக்கும், அதனால் அடுத்த வாரம் இதே கிழமையில் இன்னொரு தரம். தலையணை உறை, துண்டு எல்லாம் வெந்நீரில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும். சீப்பும் ரிப்பனும் ஆளுக்கு ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம்: ஒட்டி உறவாடுகிற எல்லோர் தலையையும் பார்க்க வேண்டும், இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவரை விட்டால் அங்கிருந்து திரும்ப வரும்.

பலராமன் அன்று சாயங்காலமே ஆரம்பித்தான். வாசலில் ஒரு மனைப்பலகை, கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், ஒரு வெள்ளைத் துணி. மருந்து போட்டு அலசிய தலையைச் சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரித்துக்கொண்டான். ஒரு பாத்தியை முடித்த பிறகுதான் அடுத்தது. சீப்பை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்தால் கறுப்புக் கறுப்பாக விழுந்தன. துணியைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வேகம் பிடித்தது. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல். முதலில் முடி சிக்கி அர்ச்சனா ஆவென்றாள். பிறகு எங்கே பிடித்தால் வலிக்காது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. தன் தலைக்குத் தானே போட்டுக்கொண்டு, சீவிவிடும் வேலையை அர்ச்சனாவிடம் கொடுத்தான். அவள் பழிவாங்குகிற மாதிரி இழுத்தாள்.

எதிர்வீட்டு வீரமணி குட்டியானை வண்டி ஓட்டுகிறவன். கரும்பு, நெல் மூட்டை எது சொன்னாலும் ஏற்றுவான். அவன் வண்டியை நிறுத்திவிட்டு, இன்னா மாமா, வேல மாறிட்டியா, மைக்கு இருந்தா ஊருக்கே அறிவிச்சிடலாம் என்றான். அறிவி, வர்றவங்களுக்கும் சேத்துப் பாக்குறேன், உன் தலையிலேர்ந்தே ஆரம்பிக்கலாம் வா என்றான் பலராமன். வீரமணி தொப்பியை இறுக்கிக்கொண்டு உள்ளே போனான்.

கனகாம்பாளிடம் சொன்னதற்கு, என் தலையிலயா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். கிட்டே போக முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேச அவனுக்குக் கொஞ்சம் பயம். அவளுக்கு வராது என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அடுத்த வாரம் அதே கிழமையில் இரண்டாவது தரமும் போட்டான். துணியில் ஒன்றும் விழவில்லை. வீடியோ காலில் பிள்ளைகளின் தலையைக் காட்டியபோது வெண்ணிலா அந்தப் பக்கம் வகிடு வகிடாகத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, என்னைவிட நல்லா எடுத்திருக்கீங்க என்றாள். இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி அவன் அனுப்பியபோது அர்ச்சனா கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்துக்கொண்டுதான் படியிறங்கினாள். அந்தப் பெஞ்சுக்காரப் பெண் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று மாலையில் சேதி வந்தது. பலராமன் அன்றைக்குப் பாகூரிலிருந்து மீன் வாங்கி வந்து, கத்திரிக்காயும் மாங்காயும் போட்டுத் தானே குழம்பு வைத்தான்.

அந்தக் குழம்பின் ருசி நாக்கில் இருக்கும்போதே தென்றல் மறுபடி சொறிய ஆரம்பித்தாள்.

பிரித்துப் பார்த்தான். ஓடியது. பெரியவள் தலையிலும் இருந்தது. அர்ச்சனா அழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அத்த தலையில நான் பாத்தேன்ப்பா. கொண்ட அவுத்தப்போ பாத்தேன். யாருகிட்டயும் சொல்லாதடின்னு கையப் புடிச்சிக்கினாங்க."

பலராமனுக்குக் கோபம் தலைக்கேறியது. யோசித்திருந்தால் நின்றிருப்பான். யோசிக்கவில்லை. நேராக அக்கா வீட்டுக்குப் போனான். அங்கே வாசலில் செட்டுப் பெண்கள் டீ குடித்துக்கொண்டு, நாளைக்கு எந்தக் கழனி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வீரமணியின் பெண்டாட்டி ஆண்டாள் கனகாம்பாளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உன் தலையிலதான் இருக்குது," என்றான் பலராமன். "நீ மருந்து வைக்காம எங்கூட்டுப் புள்ளைங்களுக்குப் போவாது."

டீ உறிஞ்சுகிற சத்தம் நின்றது. ஆண்டாள் மட்டும் தன்னையறியாமல் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். கனகாம்பாள் அந்த ஒரு சாணைப் பார்த்தாள். தம்பியைப் பார்க்கவில்லை.

"புள்ளைங்கள இனிமே இங்க அனுப்பாத," என்றாள். குரல் உயரவில்லை. துண்டை எடுத்துக் கொண்டையை மூடிக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பலராமனுக்கு இராத்திரி சோறு இறங்கவில்லை. சொன்னது நியாயம்தான், ஆனால் சொன்ன விதம் உறுத்தியது. காலையில் போய்ப் பேசலாம் என்று நினைத்தான். காலையில் அவள் கதவு சாத்தியிருந்தது. தலைவலி, இன்றைக்கு இறங்கவில்லை என்று செட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டாள் என்றார்கள். அவள் வேலைக்கு இறங்காத நாளை யாரும் பார்த்ததில்லை.

மதியம் கத்திரிக்கு மருந்தடிக்கலாம் என்று பலராமன் வீட்டுப் பின்பக்கக் கொட்டகைக்குப் போனான். அரிவாளும் களைக்கொத்தும் தொங்குகிற பலகைமேல்தான் பூச்சி மருந்து புட்டியை வைப்பான். இரண்டு வீட்டுக்கும் பொதுக் கொட்டகை அது. அரிவாள் இருந்தது. புட்டி இல்லை.

அவன் ஒரு கணம் நின்றான். பிறகு ஓடினான்.

கனகாம்பாள் பின்கட்டில் வாழைமரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது. சேலை முழுக்க வேர்வை. பத்தடி தூரத்திலேயே அந்த வாடை அவன் மூக்கில் அடித்தது. வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அவன் தெளிக்கிற மருந்து. கையில் பட்டால் சோப்புப் போட்டுத் தேய்க்கிற மருந்து. அவள் தலை முழுக்கப் பூசி மூடிக் கட்டி வைத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லடா," என்றாள். நாக்கு குழறியது. "கொஞ்சம் தல சுத்துது. எல்லாம் செத்துப் பூட்டிருக்கும்."

துண்டைப் பிடுங்கி எறிந்தான். அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் உட்கார வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டான். துணி சோப்பு ஒன்றை முழுசாகக் கரைத்தான். அலசினான், சோப்புப் போட்டான், மறுபடி அலசினான். அந்தப் பெரிய கூந்தலுக்குள் கையை விட்டு அடித்தோல்வரை தேய்த்தான். அவள் இரண்டு தரம் வாந்தி எடுத்தாள். கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. தேய்த்துக்கொண்டே வீரமணி, வீரமணி என்று அவன் கூப்பிட்டது தெருவுக்கே கேட்டது.

வீரமணி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஆண்டாள் அவன் பின்னாலேயே வந்தாள். வாடை அடித்ததும் என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நனைந்த சேலையை உருவி வேறு சேலை சுற்றி, வண்டியின் பின்பக்கம் சாக்கை விரித்து ஏறி உட்கார்ந்து, கனகாம்பாளின் ஈரத் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாண்டிச்சேரி போய்ச் சேர்கிறவரை அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் பலராமன் வாழைமரத்தடியிலிருந்து எடுத்துவந்த புட்டியை நீட்டினான். டாக்டர் பார்த்தார். குடித்தார்களா என்று கேட்டார். இல்லை என்றான். பின்னே எப்படி என்றார். சுற்றிலும் ஜனம். கட்டிலில் கனகாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். பலராமன் டாக்டரிடம் குனிந்து, காதோடு சொன்னான். செட்டுப் பெண்கள் முன்னால் போட்டுடைத்த வாய் அது. அந்த இடத்தில் அடங்கிப் பேசியது. டாக்டர் அதிசயப்படவில்லை. இதுபோல் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், உடனே சோப்புப் போட்டுக் கழுவியதால் பிழைத்தார்கள், தோல்வழியாக உள்ளே இறங்குகிற விஷம் இது என்றார். ஊசிமேல் ஊசி போட்டார்கள். கண்மணி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

சேதி கேட்டு வெண்ணிலா திருக்கனூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். பகலில் அவளும் ஆண்டாளும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். பலராமன் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டான். கொட்டகையிலிருந்த மருந்து எல்லாவற்றையும் வாரி, மோட்டார் கொட்டகையில் இரும்புப் பெட்டி போட்டுப் பூட்டினான். டாக்டர் போகச் சொன்ன அன்று கனகாம்பாள் வீட்டுக்கு வந்தாள். வெண்ணிலா அம்மாவிடம் திரும்பிப் போனாள். போகும்போது, அண்ணிய நீங்கதான் பாக்கணும், வேற யாரையும் தொட உட மாட்டாங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பலராமன் கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு போனபோது கனகாம்பாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கஞ்சியைத் தொடவில்லை.

"முடிய எடுத்துடுடா," என்றாள். "ஒட்ட எடுத்துடு. சனியன் உட்டுதுன்னு இருக்கலாம்."

"எடுக்க மாட்டேன்."

"இன்னாத்துக்குடா உனக்கு இந்த வீம்பு?"

"எனக்கா வீம்பு?" என்றான் பலராமன். "மாமா செத்தப்போ சொந்தக்காரங்க மொத்தமும் சொன்னாங்க. அன்னிக்கே எடுக்காத முடிய இந்தத் துக்குணூண்டு பூச்சிக்குப் பயந்து எடுக்கப் போறியா? சொல்லு, எடுத்துடறேன்."

கனகாம்பாள் கஞ்சியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"செட்டு முன்னால சொன்னது என் தப்புக்கா," என்றான்.

"சொன்னது தப்பில்ல. சொன்ன எடம் தப்பு." கஞ்சியைக் கீழே வைத்தாள். "நானும் தப்புத்தான். ரொம்ப நாளா நமைச்சிக்கினே இருந்துது பலராமா. துண்டுக்கு மேலயே தட்டிக்குவேன். கனகாம்பாளுக்குப் பேனுன்னு நாலு பேரு சொல்லிட்டா அப்புறம் கழனில எவ என் பேச்சக் கேப்பா? அப்டி நெனச்சேன். புள்ளைங்களுக்கு என்னால வந்துதுன்னு தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

"எங்களால உனக்கு வந்துதோ, உன்னால எங்களுக்கு வந்துதோ. யாருக்குத் தெரியும்? நர்சம்மா என் தலையிலயும் எடுத்தாங்க. பாகூர்ல, பத்து பேரு முன்னால."

கனகாம்பாளின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்புத்தான்.

பலராமன் ஜோஸ்பினைப் போய்ப் பார்த்தான். தலைத்தோல் வெந்திருக்கிறது, ஆறுகிறவரைக்கும் எந்த மருந்தும் வேண்டாம், தேங்காயெண்ணெய் வைத்துச் சீப்பால் மட்டும் எடுங்கள், நாள் விடாமல் எடுத்தால் அதுவே போதும் என்றார். பிள்ளைகளுக்கும் தனக்கும் மட்டும் மருந்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அக்காவுக்குப் பின்கட்டில் மனைப்பலகையைப் போட்டான். யார் கண்ணிலும் படாத இடம். கனகாம்பாள் வந்தாள். பலகையைப் பார்த்தாள். குனிந்து அதை எடுத்து இடுக்கிக்கொண்டு, வீட்டுக்குள் புகுந்து, தெருவாசலில் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தாள்.

"வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்குது," என்றாள்.

துண்டை அவிழ்த்தாள். கொண்டையை அவிழ்த்தாள். பலராமன் எண்ணெயைக் கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டான். அந்தக் கூந்தலைத் தொடக் கை கொஞ்சம் கூசியது. வகிடெடுத்துப் பிரித்து, புண்ணாகியிருந்த இடங்களில் சீப்பின் பல் படாமல் விரலை அண்டக் கொடுத்து, அடியிலிருந்து நுனிவரை இழுத்தான். முழங்கையளவு முடி, இன்னொரு முழங்கையளவு முடி. இழுத்துக்கொண்டே போனால் முடிகிற பாடாக இல்லை. தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். சைக்கிளில் பால் கொண்டுபோனவர் காலை ஊன்றி நின்று பார்த்தார். கனகாம்பாள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தபடி அவரிடம், உங்கூட்டு மாடு கன்னு போட்டுதா என்று விசாரித்தாள். வீரமணி வண்டியிலிருந்து இறங்கி வந்து நின்றான். இந்தத் தரம் அவன் கிண்டல் பண்ணவில்லை. எங்கூட்டுப் பாப்பாவுக்கும் பாக்கணும் மாமா, எனக்கும்தான் என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

நாள் தவறாமல் அப்படி நடந்தது. அர்ச்சனா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். துணியில் விழுவது குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் ஒன்றும் விழவில்லை. மறுநாளும் விழவில்லை. அதற்கு மறுநாள் பலராமன் வேண்டுமென்றே இரண்டு தரம் சீவிப் பார்த்தான்.

உடம்பு தேறி கனகாம்பாள் வேலைக்கு இறங்கிய அன்று நடவு பலராமன் கழனியிலேயே இருந்தது. மழை விட்டிருந்தது. உழுது பரம்படித்த சேறு கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டியது. பலராமன் வரப்பில் நின்று கட்டி வைத்த நாற்று முடிகளை வீசிக்கொண்டிருந்தான். பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நட்டுக்கொண்டு போனார்கள். கனகாம்பாள் இல்லாத நாட்களில் வரிசை கோணிப்போயிருந்ததாக அடுத்த கழனிக்காரர் ஏற்கெனவே புலம்பியிருந்தார். இன்றைக்கு நூல் பிடித்த மாதிரி போயிற்று.

சாப்பாட்டுக்குக் கரையேறினார்கள். தூக்குச் சட்டிகளைத் திறந்தார்கள். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் மணத்தது. ஓரத்தில் உட்கார்ந்த ஒருத்தி, கை சேறாக இருந்ததால், முழங்கையால் தலையை இடித்து இடித்துத் தேய்த்துக்கொண்டாள். கனகாம்பாள் பார்த்தாள்.

"ஏண்டி, நமைக்குதா?"

அவள் கையை இறக்கிவிட்டுக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் சட்டியையே பார்த்தார்கள்.

"இன்னாத்துக்கு மறைக்கிறீங்க?" என்றாள் கனகாம்பாள். குரல் கழனி முழுக்கக் கேட்டது. "எனக்கும்தான் பேன் இருந்துது. வெக்கப்பட்டுக்கினு மூடி மூடி வச்சேன். பூச்சி மருந்தப் பூசிக்கினு சாவப் பாத்தேன். பேனு யாரையும் கொல்றதில்லடி. வெக்கந்தான் கொல்லும்."

வரப்பில் நின்ற பலராமன் கையிலிருந்த நாற்று முடியை வீச மறந்தான்.

"ஞாயித்துக்கெழம எல்லாரும் எங்கூட்டு வாசலுக்கு வந்துடுங்க. செட்டு மொத்தமும். புள்ளைங்களையும் இட்டுக்கினு வாங்க. நர்சம்மா வரேன்னு சொல்லிக்கீறாங்க. பாத்து, இருக்கிறவங்க எல்லாம் ஒரே நாள்ல மருந்து வச்சிக்கணும். ஒருத்தி ஒளிஞ்சிக்கினாலும் ஊருக்கே திரும்ப வரும்."

யாரோ ஒருத்தி, உனக்கு யாரு எடுத்தாங்கக்கா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என் தம்பி எடுத்தான்," என்றாள் கனகாம்பாள். "தெருவாசல்ல குந்தவச்சி, எத்தினி நாளு, ஒண்ணு உடாம எடுத்தான். இப்ப என் தலையில ஒண்ணு இல்ல. சந்தேகம் இருந்தா வந்து பாருங்க."

சொல்லிவிட்டு அவள் துண்டை அவிழ்த்தாள். கொண்டையை உதறினாள். அந்தக் கூந்தல் முதுகு நிறைய இறங்கி வரப்புப் புல்லைத் தொட்டது. செட்டில் பாதிப் பேர் அதை அதுவரை முழுசாகப் பார்த்ததில்லை. ஆண்டாள் எழுந்தாள். வாய்க்காலில் கையை நன்றாகக் கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு, கனகாம்பாளின் பின்னால் மண்டியிட்டாள். காதோரம் பிரித்தாள், பிடரியில் பிரித்தாள், உச்சியில் பிரித்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒரு ஈரு கூட இல்ல."

பலராமனுக்குக் கண்ணில் என்னவோ நிறைந்தது. திரும்பிக்கொண்டு, கையிலிருந்த நாற்று முடியை வீசினான். அது நடவுக் கழனியின் நட்டநடுவில் நிமிர்ந்து விழுந்தது.

கனகாம்பாள் கூந்தலை முறுக்கிக் கொண்டை போட்டாள். துண்டை இடுப்பில் சொருகிக்கொண்டு, தலை திறந்தபடி சேற்றில் இறங்கினாள்.

"பாத்தாச்சில்ல?" என்றாள். "எறங்குங்க. என் தம்பி கழனி. பொழுதோட முடிக்கணும்."